தமிழ்99 விசைப்பலகைக் கோப்புகளை உட்பொதி கருவிகளுக்கு மாற்றுதல்: மெய்ம்மயக்க விதிகளின் இழப்பும் மீட்பும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்99 விசைப்பலகை அமைப்பைக் கணினியிலிருந்து சிறிய உட்பொதி கருவிகளுக்கு மாற்றும்போது, எந்த விசைக்கு எந்த எழுத்து என்னும் அட்டவணை மட்டுமே சென்று சேர்கிறது. எழுத்துகள் கூடும் முறையைக் கூறும் விதிகள் மாற்றத்தின் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. அவ்விதிகள் தொல்காப்பிய நூன்மரபும் மொழிமரபும் கூறும் மெய்ம்மயக்கத்தோடு நெருங்கிய உறவுடையவை. அவற்றைக் கருவிக்குள் மீண்டும் அமைப்பதற்கு நினைவக இடம் தடையில்லை என்பதையும், இலக்கணத்தின் துணைகொண்டால் தமிழ்99 தட்டச்சில் வழக்கமாக நேரும் சில பிழைகளையும் நீக்கலாம் என்பதையும் இக்கட்டுரை காட்டுகிறது. சென்னையின் மேற்குப் புறநகர் ஊர்ப்பெயர்கள் சோதனைச் சொற்களாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: தமிழ்99, விசைப்பலகைக் கோப்பு, உட்பொதி கருவி, மெய்ம்மயக்கம், தானியங்கிப் புள்ளி, ஒருங்குறி.

முன்னுரை

தமிழ் உள்ளீடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மேசைக் கணினியையும் திறன்பேசியையும் மையமாகக் கொண்டவை. நாள்தோறும் மக்கள் கையில் தமிழ்ச் சொற்களை அச்சிட்டுத் தரும் வேறு கருவிகள் பல உள்ளன. பேருந்து நடத்துநரின் பயணச்சீட்டுக் கருவி, நியாயவிலைக் கடையின் விற்பனை முனையக் கருவி, எண்ணியல் எடைத் தராசு, தொழிற்சாலை வாயிலில் வருகையைப் பதியும் பெட்டி ஆகியன அத்தகையவை. இவற்றுள் சிறு கணினி ஒன்று பொதிந்துள்ளது. ஒரே பணிக்கென அமைக்கப்பட்ட அக்கணினியில் விண்டோசும் இல்லை, நாம் பழகிய உள்ளீட்டுச் செயலிகளும் இல்லை.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பெற்றது. இயந்திரப் பாகங்களுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் உரிய சிறு, நடுத்தர நிறுவனங்கள் அம்பத்தூர் முதல் ஆவடி வரையிலும், தெற்கே பூந்தமல்லி வரையிலும் பரவியுள்ளன. இத்தகைய சூழலில் கருவி அமைக்கும் பொறியாளருக்குத் தமிழ் உள்ளீடு வேண்டுமெனில் அவர் முதலில் நாடுவது இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் விசைப்பலகைக் கோப்பைத்தான். அதனைக் கருவிக்கேற்ற வடிவத்துக்கு மாற்றும் நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றம் பிழைச்செய்தி எதுவுமின்றி முடிகிறது. பின்னர் 'அம்பத்தூர்' என்று தட்டினால் திரையில் 'அமபததஊரஃ' என்று வருகிறது. அதன்பின் தமிழ் உள்ளீடே கைவிடப்படுகிறது. ஊர்ப்பெயர்களும் பொருட்பெயர்களும் தொழிற்சாலையிலேயே நிலையான பட்டியலாகப் பதிக்கப்படுகின்றன. பட்டியலில் இல்லாத பெயர் ஆங்கில எழுத்தில் ஏறுகிறது.

ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவது என்பது குறித்துத் தமிழக அரசு 2020இல் 1,018 ஊர்களுக்கு ஆணை வெளியிட்டுச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த விவாதத்தில் காட்டப்பட்ட அக்கறையில் ஒரு சிறு பங்கு, அதே ஊர்ப்பெயர் கருவிக்குள் தமிழிலேயே பிழையின்றிப் பதிவதற்கும் உரியதாகும்.

முழு விசைப்பலகை இணைக்கத்தக்க கருவிகளே இக்கட்டுரையின் எல்லை. பன்னிரு விசைகள் கொண்ட கருவிகளின் சிக்கல் வேறு.

கோப்பு மாற்றத்தின் படிகள்

லினக்சுக் கணினியில் விசைப்பலகை அமைப்பு எக்ஸ்கேபி என்னும் முறையில் எழுதப்படுகிறது. இந்திய மொழிகளுக்குரிய எக்ஸ்கேபி கோப்பில் தமிழுக்கெனப் பல வகைகள் உள்ளன. ஒருங்குறிக்கான தமிழ்99, பழைய டேப், டிஸ்கி குறியேற்றங்களுக்கான தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் ஆகியன அவற்றுட் சில. இக்கோப்பைச் 'சிகேபிகாம்ப்' என்னும் நிரல் முனையத்துக்குரிய விசைவரைபடமாக மாற்றும். வரைகலைத் திரையுடைய சிறு கருவிகளில் பரவலாகப் பயன்படும் கியூட் நூலகம், அவ்வரைபடத்தைக் 'கேமேப்2கியூமேப்' என்னும் நிரலால் இருமக் கோப்பாக மாற்றிக்கொள்ளும். இயங்குதளமே இல்லாத நுண்கட்டுப்படுத்தி எனில், பொறியாளர் அந்த அட்டவணையைத் தம் நிரலில் ஓர் அணியாக எழுதிக்கொள்வார்.

இப்படிகளில் முதலில் இடறுவது எண்தான். தமிழ்99இல் ககரம், ஆங்கில 'எச்' பொறித்த விசையில் உள்ளது. அவ்விசைக்கு லினக்சுக் கருநிரல் தரும் எண் 35. எக்ஸ்கேபி அதனோடு எட்டைக் கூட்டி 43 எனக் கொள்ளும். யுஎஸ்பி விசைப்பலகை நேரடியாக அனுப்பும் எண்ணோ 11. லினக்சின் எண்கள் விசை வரிசையைத் தழுவியவை. யுஎஸ்பியின் எண்கள் ஆங்கில அகரவரிசையைத் தழுவியவை. இதை அறியாமல் 35 என்பதை அப்படியே யுஎஸ்பி அணியில் இட்டால் ககரம் 6 என்னும் எண்விசையில் போய் அமரும். இப்பிழை முதல் தட்டலிலேயே வெளிப்படுவதால் உடனே திருத்தப்பட்டுவிடும். ஆதலால் இதில் கேடு சிறிது.

இரண்டாவது இழப்பு எளிதில் புலப்படுவதில்லை. எக்ஸ்கேபி கோப்பு ஒரு விசைக்கும் அதன் மேலடுக்குக்கும் இன்ன எழுத்து என்று மட்டுமே சொல்லும். முன்னர் எந்த எழுத்து தட்டப்பட்டது என்பதை அது அறியாது. முனைய வரைபடத்திலும் கியூட் கோப்பிலும் எழுத்துகளை இணைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஐரோப்பிய மொழிகளின் அசையழுத்தக் குறிகளுக்கென அமைந்த அப்பட்டியலில் ஒவ்வொரு வரியும் முதற்குறி, இரண்டாங்குறி, விளைவு என்னும் மூன்று எண்களால் ஆனது. இரண்டு உள்ளே சென்றால் ஒன்று வெளியே வரும். ஒருங்குறியில் 'கா' என்பது ககரமும் கால்குறியும் ஆகிய இரண்டு குறிகள். 'க்க' மூன்று குறிகள். விளைவு ஒரே குறியாக இருக்க வேண்டிய பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை.

2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியேற்றத்தில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி உண்டு. அக்குறியேற்றத்தில் 'கா'வை இப்பட்டியலில் அடக்கலாம். ஆயினும் 'க்க' அங்கும் இரண்டு குறிகளே. எனவே குறியேற்றத்தை மாற்றுவதால் மட்டும் சிக்கல் முழுமையாகத் தீர்வதில்லை.

இன்ஸ்கிரிப்ட் அமைப்பு இம்மாற்றத்தைத் தாங்குகிறது. 1991இன் இந்தியத் தர ஆவணமான ஐஎஸ் 13194இல் இடம்பெற்ற அவ்வமைப்பில் உயிருக்கு ஒரு விசையும் உயிர்க்குறிக்கு வேறொரு விசையும் உண்டு. புள்ளியையும் தட்டுபவரே இட வேண்டும். விதி எதுவும் இல்லாததால் இழப்பதற்கும் எதுவுமில்லை. மாற்றும் நிரலுக்கு எது எளிதோ அதுவே கருவிக்குள் எளிதாகப் புகும் என்னும் நிலையில், தமிழகத்தில் பயிற்சி பெற்ற தட்டச்சரின் கைப்பழக்கத்துக்கு மதிப்பில்லாமற் போகிறது. தட்டல் எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு. 'அம்பத்தூர்' தமிழ்99இல் 8 தட்டல், இன்ஸ்கிரிப்டில் 10. 'பூவிருந்தவல்லி' முன்னதில் 12, பின்னதில் 14.

தமிழ்99இன் உள்ளமைப்பு

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாக உருவான தமிழ்99, அவ்வாண்டிலேயே தமிழக அரசால் தரப்படுத்தப்பெற்றது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளுக்கு 31 விசைகள். உயிர்கள் இடக்கைப் பக்கத்திலும், க, ப, ம, த, ந, ய ஆகிய மெய்கள் வலக்கையின் நடுவரிசையிலும் உள்ளன. ஸ, ஷ, ஜ, ஹ முதலிய கிரந்த எழுத்துகள் மேலடுக்கில் வைக்கப்பட்டன. உயிர்க்குறிகளுக்கென விசை இல்லை. தமிழ் நெடுங்கணக்கின் முதலெழுத்துகளே விசைகளாக நிற்பதால், உயிர்மெய்யைப் பிறப்பிக்கும் பணி விதியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவ்விதிகள் சிலவே. மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் ஆகும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் மெல்லினத்துக்குப் புள்ளி விழும். ஆய்த விசை மெய்யை அடுத்து வந்தால் புள்ளியாகும். தனித்து வந்தால் ஆய்தமாகவே நிற்கும். தானியங்கிப் புள்ளி வேண்டாதபோது இரு மெய்களுக்கும் இடையே அகர விசையைத் தட்ட வேண்டும்.

எம்17என் நூலகத்தின் தமிழ்99 கோப்பும், கீமேன் மென்பொருளுக்கான விசைப்பலகைக் கோப்புகளும் இவ்விதிகளை எழுதிவைக்க இடம் தருவன. கீமேனின் மூலவரைவு 2017 முதல் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. அதன் மொழியில் 'முன் நிற்பது இன்ன எழுத்தாயின்' என நிபந்தனை எழுதலாம். ஆகவே உட்பொதி கருவிக்கான மாற்றம் எக்ஸ்கேபி கோப்பிலிருந்து தொடங்காமல் இத்தகைய விதிக்கோப்பிலிருந்து தொடங்குவதே தகும். எக்ஸ்கேபி கோப்பிலிருந்து தொடங்கினால் விதிகளைப் பொறியாளர் நினைவிலிருந்தே எழுத நேரும். தமிழிலக்கணம் அறிந்தவரை அவர் கலந்துகொள்வது அரிது.

உயிர்மெய்யும் 56 என்னும் எண்ணும்

விதிகளுள் உயிர்மெய் விதியே மிகப் பெரியதாகத் தோன்றும். 18 மெய்களும் அகரம் ஒழிந்த 11 உயிர்களும் கூடினால் 198 உயிர்மெய்கள். இத்தனைக்கும் கருவியில் அட்டவணை வேண்டும் என்று அஞ்சுவோர் உண்டு. அது தேவையில்லை. ஒருங்குறியில் ஆகாரத்தின் எண் 2950, கால்குறியின் எண் 3006. ஈகாரம் 2952, அதன் குறி 3008. எகரம் 2958, ஒற்றைக்கொம்பு 3014. ஓகாரம் 2963, அதன் குறி 3019. ஔகாரம் 2964, அதன் குறி 3020. எதை எடுத்தாலும் இடைவெளி 56. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே வரிசைமுறையைக் கொண்ட இஸ்கி குறியேற்றத்தின் அடியொற்றி ஒருங்குறிப் பகுதிகள் அமைந்தமையால் கிடைத்த ஒழுங்கு இது. மெய்யை அடுத்து வரும் உயிரின் எண்ணோடு 56ஐக் கூட்டினால் 198 உயிர்மெய்களும் கிடைக்கும்.

அகரம் ஒன்றே விலக்கு. அதன் எண் 2949. 56ஐக் கூட்டினால் வரும் 3005 என்னும் இடம் தமிழ்ப் பகுதியில் வெற்றிடம். புள்ளி நீங்கிய மெய் அகரத்தோடு உயிர்க்கும், அதற்கெனத் தனிவடிவம் இல்லை என்னும் நூன்மரபுக் கருத்து எண்வரிசையிலும் வெற்றிடமாகவே பதிந்திருப்பது கருதத்தக்கது. நிரலில் இவ்விலக்கை எழுத மறந்தால் அகர விசையைத் தட்டும்போதெல்லாம் வெற்றுக் கட்டம் தோன்றும்.

இங்கு ஒரு பள்ளம் உண்டு. கருவிகள் பெரும்பாலும் எழுத்தை யுடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கின்றன. ஆகாரம் 224, 174, 134. கடைசிப் பைட்டோடு 56ஐக் கூட்டினால் 190. கால்குறி சரியாக வரும். இகரத்துக்கு 191, அதுவும் சரி. ஈகாரத்துக்கு 192 ஆகிவிடும். கடைசிப் பைட்டு 191ஐத் தாண்டக் கூடாது என்பதால் அது செல்லாது. ஈகாரக் குறியின் உண்மையான வடிவம் 224, 175, 128. கா, கி இரண்டும் நன்றாக வந்து, கீ முதல் எல்லாம் சிதையும் கருவியைக் கண்டால் காரணம் இதுவே என்று கொள்ளலாம். கூட்டலைக் குறியின் எண்ணில் செய்து, அதன்பின் பைட்டுகளாகப் பிரிக்க வேண்டும்.

இடக் கணக்கையும் சொல்லிவிடலாம். தமிழ்ப் பகுதியில் 128 இடங்களே உள்ளமையால் ஓர் எழுத்தை ஒரு பைட்டில் குறிக்கலாம். 48 விசைகளுக்கு இரண்டு அடுக்கெனக் கொண்டால் 96 பைட்டு. மெல்லின வல்லின இணைகள் ஆறுக்கு 12 பைட்டு. எளிய பயிற்சிப் பலகைகளில் உள்ள ஏடிமெகா 328 என்னும் சில்லில்கூட நிரலுக்கு 32 கிலோபைட்டு இடமுண்டு. கருவியில் தமிழுக்கு இடம் போதாது என்னும் வாதம் உள்ளீட்டைப் பொறுத்தவரை நிற்காது.

தானியங்கிப் புள்ளியும் மெய்ம்மயக்கமும்

தமிழ்99இன் புள்ளி விதிகளை இலக்கணம் பயின்றோர் உடனே அடையாளம் காண்பர். ஒரே மெய் இரட்டிப்பது உடனிலை மெய்ம்மயக்கம். மெல்லினத்தை இன வல்லினம் தொடர்வது வேற்றுநிலை மெய்ம்மயக்கத்தின் ஒரு கூறு. ங, ஞ, ண, ந, ம, ன என்னும் ஆறு மெய்களும் தத்தம் இன வல்லெழுத்தோடு மயங்கும் என்று நூன்மரபு கூறுவதும், தமிழ்99 கொண்ட ஆறு இணைகளும் ஒன்றே. தரத்தை வகுத்தோர் தமிழின் ஒலியமைதியை நன்கு கருத்திற்கொண்டிருந்தனர் என்பதற்கு இது சான்று.

விதியை 'ஒரே மெய் அடுத்து வந்தால் புள்ளி' என்று நிரலாளர் பொதுப்படையாக எழுதிவிட்டால் நேர்வது வேறு. இணையத்தில் 'வீர்ர்', 'வேலைக்கார்ர்' போன்ற வடிவங்களைக் காணாதவர் அரிது. எழுதியவர் தட்டியது ரகரத்தை இருமுறையும் புள்ளியை ஒருமுறையும். முதல் ரகரத்துக்கும் நிரல் புள்ளி வைத்துவிட்டது. ரகரமும் ழகரமும் தம்முன் தாம் மயங்கா என்பது தொல்காப்பியமும் நன்னூலும் ஒருங்கே கூறும் விதி. 18 மெய்களில் 16 மட்டுமே இரட்டிக்கும். நிரலில் இவ்விரு எழுத்துகளையும் விலக்கினால் 'வீரரை', 'அமரர்', 'பரராசசேகரன்' ஆகியன தட்டியபடியே வரும். இவ்வளவு பழைய விதியை இவ்வளவு புதிய கருவி அறியாதிருப்பது, இரு துறையினரும் ஒருவரோடொருவர் பேசாததன் விளைவு.

அடுத்தது 'வந்தது'. வ, ந, த, த, உ எனத் தட்டுகிறோம். நகரத்துக்குப் புள்ளி விழுந்து 'வந்த' ஆகும். அடுத்த தகரம் வரும்போது, பொதுவிதி முன்னைத் தகரத்துக்கும் புள்ளி வைத்து 'வந்த்து' ஆக்கும். 'கொடுத்தது' என்பதில் மூன்று தகரங்கள். 'மன்னன்' என்பதில் மூன்று னகரங்கள். இவை அரிய சொற்கள் அல்ல. வினைமுற்றுகளிலும் வினையாலணையும் பெயர்களிலும் இவ்வமைப்பு மிகுதி. ஆதலால் ஒரு மெய்யின்முன் தானியங்கிப் புள்ளி விழுந்துவிட்டால், அந்த மெய் மீண்டும் புள்ளி பெறும் தகுதியை இழக்க வேண்டும். இதற்கு நிரலில் ஒரே ஒரு பிட்டு போதும். 'அந்தத் தேர்' என்பதைச் சேர்த்து 'அந்தத்தேர்' என்று தட்டினாலும் இவ்விதி பிழைபடுவதில்லை. இரண்டாம் தகரம் ஓய்ந்திருக்க, மூன்றாவது வந்ததும் இரண்டாவது புள்ளி பெறும். நான்கு மகரங்கள் கொண்ட 'அம்மம்மா'வும் அவ்வாறே சரியாக அமையும்.

மொழிமுதல் பற்றியும் எண்ண வேண்டும். 'நதி' என்பதற்கு ந, த, இ. பொதுவிதி இதனை 'ந்தி' ஆக்கும். 'நந்தி' அதே காரணத்தால் 'ந்நதி' ஆகும். 'தத்துவம்', 'பப்பாளி', 'சச்சரவு' என்பனவற்றின் முதலெழுத்தும் இரண்டாம் எழுத்தும் ஒன்றே என்பதால் அவையும் சிதையும். இடையே அகர விசையைத் தட்டினால் சரியாகும் என்பது உண்மையே. ஆயினும் நெரிசல் மிக்க பேருந்தில் பயணச்சீட்டு வழங்குபவரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க இயலாது. தனிமெய் மொழிக்கு முதலாகாது என்னும் மொழிமரபு விதியைக் கொண்டால், சொல்லின் முதலெழுத்துக்குத் தானியங்கிப் புள்ளியே விழாதபடி தடுத்துவிடலாம். இடைவெளியை அடுத்தோ பதிவுப் புலத்தின் தொடக்கத்திலோ உள்ள மெய்யே முதலெழுத்து. 'ப்ரியா' போன்ற வடிவத்தை விரும்புவோர் புள்ளி விசையைத் தாமே தட்டிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. அகர விசையைத் தட்டிப் பழகியவருக்கும் இதனால் மாற்றமில்லை.

நான்காவதாக ஒரு திருத்தம். பூந்தமல்லியை அடுத்த ஏரியூர் ஒன்றின் பெயர் நேமம். ந, ஏ, ம, ம, புள்ளி எனத் தட்டினால் 'நேம்ம்' என்று வரும். 'சமம்', 'ஆகமம்', 'நியமம்', 'சங்கமம்' ஆகியனவும் அவ்வாறே. இங்கு மகரத்தை விலக்க முடியாது; 'அம்மா' என்னும் சொல்லுக்கு அது வேண்டும். ஆனால் தானியங்கிப் புள்ளி விழுந்தபின் இரண்டாம் மெய்க்கும் புள்ளி தட்டப்படுகிறது எனில், அங்கு இரட்டித்தல் கருதப்படவில்லை என்பது தெளிவு. ஈரொற்று நிற்கும் இடங்களை இலக்கணம் வரையறுத்துள்ளது. ய, ர, ழ என்பனவற்றை அடுத்துப் பிற மெய்கள் ஒற்றாக வரும். 'வாழ்த்து' என்பது காட்டு. ஒரே மெய் இருமுறை ஒற்றாக நிற்பது அதில் அடங்காது. எனவே அந்நிலையில் முன்னைய புள்ளியை நிரல் தானே நீக்கிக்கொள்ளலாம்.

ஒற்றளபெடை இதற்கு மறுப்பாகாதோ என்று செய்யுள் பதிப்பாசிரியர் வினவக்கூடும். ஒற்றளபெடையை எழுதுபவர் இரு புள்ளிகளையும் தாமே தட்டினால் அவற்றை நிரல் தொடாது. திரும்பப் பெறப்படுவது தானாக விழுந்த புள்ளி மட்டுமே. மெல்லின வல்லின இணைகளுக்கு இத்திருத்தத்தைப் பொருத்தலாகாது. 'கேம்ப்' போன்ற பிறமொழிச் சொற்களில் இரு புள்ளிகளும் வேண்டப்படுவன.

அழித்தலும் காட்டுதலும்

பின்னழி விசையைப் பற்றிக் கோப்புகள் எதுவும் பேசுவதில்லை. 'கொ' என்னும் எழுத்து யுடிஎஃப்-8இல் ஆறு பைட்டு. பைட்டு பைட்டாக அழிக்கும் கருவியில் பாதி எழுத்து எஞ்சி, அதன்பின் வருவன எல்லாம் குழம்பும். மேலும், முன் நின்ற எழுத்து எது என்பதை நிரல் தனியே நினைவில் வைத்திருந்தால், அழித்தபின் அந்த நினைவும் உரையும் ஒன்றோடொன்று பொருந்தா. ஒவ்வொரு தட்டலின்போதும் உரையின் கடைசி மூன்று குறிகளை மீண்டும் படித்து நிலையை அறிவதே பாதுகாப்பான வழி.

காட்டுதல் தனிப்பெரும் பொருள். கொம்பு ஒலிப்பில் மெய்யை அடுத்தும் வடிவில் மெய்க்கு முன்னும் நிற்பதால் கருவியே இடம் மாற்றி வரைய வேண்டும். வெப்ப அச்சுப்பொறிகளில் தமிழ் பெரும்பாலும் படமாகவே அச்சாகிறது. 58 மில்லிமீட்டர்த் தாளில் குறுக்கே 384 புள்ளிகளே கிடைக்கும். அதற்குள் 'திருமுல்லைவாயில்' என்பதையும் கட்டணத்தையும் ஒரே வரியில் தெளிவாக அமைப்பது எழுத்துரு வடிவமைப்போரின் பணி, இங்கு விரிப்பதற்கில்லை.

சோதனைச் சொற்கள்

ஒரு கோப்பு சரியாக மாற்றப்பட்டதா என்பதை 'அம்மா', 'தமிழ்' என்னும் இரு சொற்களைத் தட்டிப் பார்த்து முடிவுசெய்யும் வழக்கம் உண்டு. இவ்விரண்டும் மேற்கூறிய இடர்களில் பெரும்பாலானவற்றைத் தொடுவதே இல்லை. கருவி உருவாகும் பகுதியின் ஊர்ப்பெயர்களே இதற்கு நல்ல உரைகல். 'அம்பத்தூர்' என்பது மகர பகர இணையையும் தகர இரட்டிப்பையும் ஒருங்கே காட்டும். 'மாங்காடு' ஙகர ககர இணைக்கும், 'திருநின்றவூர்' னகர றகர இணைக்கும், 'பூந்தமல்லி' நகர தகர இணைக்கும் உரியன. 'கொரட்டூர்' இருபுறக் குறியைச் சோதிக்கும். 'திருவேற்காடு' தானியங்கிப் புள்ளி விழக்கூடாத இடத்தைக் காட்டும். றகரமும் ககரமும் இன இணை அல்ல என்பதால் அங்குப் புள்ளியைத் தட்டியே பெற வேண்டும். 'செம்பரம்பாக்கம்' ஒரே விதியை ஒரே சொல்லில் இருமுறை இயக்கும். 'நேமம்' புள்ளியைத் திரும்பப் பெறும் திருத்தத்துக்கு. ஞகர சகரத்துக்கும் ணகர டகரத்துக்கும் 'மஞ்சள்', 'வண்டி' போன்ற பொதுச்சொற்களைச் சேர்க்கலாம். இவற்றோடு 'வந்தது', 'மன்னன்', 'வீரரை', 'நதி', 'தத்துவம்' ஆகியவற்றையும் இணைத்தால் இருபதுக்கும் குறைவான சொற்களில் விதிகள் யாவும் அடங்கும்.

இப்பட்டியல் கோப்புக்கு வெளியே தனித்தாளில் இருந்தால் அடுத்த பொறியாளரின் கைக்கு வராது. ஒருங்குறி அமைப்பின் சிஎல்டிஆர் திட்டம் வகுத்துள்ள புதிய விசைப்பலகைக் கோப்பு வடிவம் விதிகளையும் ஏற்கிறது. தட்டல்களையும் அவற்றால் விளைய வேண்டிய உரையையும் குறிக்கும் சோதனைக் கோப்புக்கும் அதில் வழியுண்டு. தமிழ்த்துறைகள் தமிழ்99க்கென அவ்வடிவில் சோதனைக் கோப்பு ஒன்றை ஆக்கி வெளியிடலாம். அதற்கு நிரலறிவைக் காட்டிலும் எழுத்ததிகாரப் பயிற்சியே மிகுதியும் வேண்டப்படுவது.

விதிகளால் தீராத இடங்களையும் அக்கோப்பு மறைக்காமல் குறிக்க வேண்டும். 'நூலல்ல' என்பதை ந, ஊ, ல, ல, ல எனத் தட்டினால் மேற்கூறிய திருத்தங்கள் அனைத்தும் இருந்தும் 'நூல்லல' என்றே வரும். புணர்ச்சியால் சேர்ந்த லகரம் எது, 'அல்ல' என்பதன் லகரம் எது என்பதை எழுத்து நிலையில் இயங்கும் நிரல் அறிய வழியில்லை. 'நேமம்' சரியாக வந்தாலும் 'நேமமே' அகர விசையின்றி வராது. 'சமபங்கு' என்பதும் அத்தகையதே. கோவில் அன்னதானத்துக்கான பதிவுக் கருவியில் 'சமபந்தி' என்று தட்டினால் 'சம்பந்தி' என்று அச்சாகும். இரண்டும் பொருளுடைய சொற்கள் என்பதால் அகராதியோடு ஒப்பிடும் பிழைதிருத்தியும் அதைப் பிழையெனக் கொள்ளாது. இத்தகைய சொற்களுக்கு ச, ம, அ, ப என்னும் முறையில் இடையே அகர விசையைத் தட்ட வேண்டும் என்பதைக் கருவியோடு தரப்படும் கையேட்டில், காட்டுச் சொற்களுடன் தமிழிலேயே அச்சிட்டுத் தர வேண்டும்.